பனி விலகிய காட்டில் ஓர் ஆசிரியை

குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் வரிசைப்படுத்திச் சொல்லும் 99 பூக்களை உயர்தர வகுப்பு மாணவருக்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தவன் நான். காந்தள் தொடங்கி அத்தனை பெயரையும் மூச்சு விடாமல் ஒப்புவிப்பேன். அதிலே எனக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. ஒருநாள் பின்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், நீங்கள் அனிச்சம்பூவைக் கண்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டாள். "ஓம், கண்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விட்டேன்.

நான் கண்டதில்லை. அனிச்சம் என்பது எந்தப் பூ என்பதில் அறிஞர்களுக்கிடையே இன்றுவரை ஒத்த கருத்துக் கிடையாது. "தெரியாது, பிள்ளை" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து, ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலுள்ள மினியாபொலிஸ் நகரிலே, ஒரு காட்டின் நடுவில் நின்றபோது அந்தப் பொய் என்னைத் தேடி வந்தது. அந்தக் காட்டையும் அதை உண்டாக்கிய ஓர் ஆசிரியையையும் பற்றியே நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

என் மகள் அந்த நகரிலே குடியிருக்கிறாள். நான் போயிருந்தது ஏப்ரல் மாதக் கடைசி. ஐந்து மாதம் உறைந்து கிடந்த நிலம் அப்போதுதான் இளகியிருந்தது. "பூப் பார்க்கப் போவம், அப்பா" என்று அவள் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. தெருவோர மரங்களில் மருந்துக்குக்கூட ஓர் இலை இல்லை. மரமே இன்னும் விழிக்காதபோது பூவுக்கு எங்கே போவது?

எனக்குத் தெரியாதிருந்த சங்கதி அதுதான். அந்தக் குளிர்நாட்டுக் காடுகளில் தரையோரம் வாழும் சில செடிகள், மரங்கள் இலைவிடுவதற்கு முன்னரே பூத்து முடித்துவிட வேண்டும். மேப்பிளும் ஓக்கும் தளிர்த்துக் குடை விரித்தபின் நிலத்தை எட்டும் வெயில் மிகச் சொற்பம். ஆகையால் பனி உருகுவதற்கும் நிழல் விழுவதற்கும் இடைப்பட்ட சில கிழமைகளே அவற்றுக்குக் கிடைத்த காலம். அதற்குள் முளைத்து, இலைவிட்டு, பூத்து, விதைத்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் கிழங்கிலே சேமித்துக்கொள்ள வேண்டும். ஆனி மாதத்தில் அங்கே போனால் அவற்றுட் பல இருந்த சுவடே தெரியாது.

நாங்கள் போன இடத்தின் பெயர் எலோயிஸ் பட்லர் காட்டுமலர்த் தோட்டம். தியடோர் வேர்த் பூங்கா என்னும் பெரிய நகரப் பூங்காவின் உள்ளே, இன்றைக்கு ஏறத்தாழ 15 ஏக்கர் பரப்பில், வேலியடைத்துக் காக்கப்படுகிறது. 1907இல் தொடங்கியது. ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்களுக்கென அமைந்த காட்டுமலர்த் தோட்டங்களுள் இதுவே மூத்தது என்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. சருகு மூடிய மேட்டுச் சரிவு, அடியிலே சேற்றுநிலம், நடுவே ஒற்றையடிப் பாதை. அந்தச் சருகுக்குள்ளிருந்துதான் பூக்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன.

இரத்தவேர் என்று ஒன்று. வெள்ளைப் பூ, அதைச் சால்வைபோலச் சுற்றிப் பிடித்திருக்கும் ஒரே இலை. வேரைக் கீறினால் செந்நிறச் சாறு வடியும். அந்த மண்ணின் பூர்வ குடிகள் அதைச் சாயமாகப் பயன்படுத்தினார்கள். டச்சுக்காரர் காற்சட்டை என்று இன்னொன்று. கொடியிலே தலைகீழாகக் காயப்போட்ட வெள்ளைக் காற்சட்டைகள் மாதிரியே இருக்கும். கபிலர் கண்டிருந்தால் என்ன பெயர் வைத்திருப்பாரோ! சேற்றோரமாக இருந்த ஒரு செடியைக் காட்டி மகள் மூக்கைப் பொத்தினாள். நம் கருணைக்கிழங்கும் சேம்பும் சேர்ந்த அதே குடும்பத்தது அது. தானே வெப்பத்தை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள பனியை உருக்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் முந்திப் பூத்துவிடும். நாற்றமும் குடும்பச் சொத்துத்தான்.

இவை எல்லாம் அங்கே இயற்கையாகவே விளைந்தவை என்றுதான் முதலில் நினைத்தேன். வாசலில் இருந்த சிறு விளக்கப் பலகையும், மகள் வாங்கித் தந்த நூலும் வேறு கதை சொல்லின.

எலோயிஸ் பட்லர் 1851இல், அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியான மெய்ன் மாநிலத்து அப்பிள்டன் என்னும் கிராமத்தில் பிறந்தவர். ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் படித்து வெளியேறி, 1874இல் மினியாபொலிசுக்கு வந்து உயர்தரப் பாடசாலைகளில் தாவரவியல் கற்பித்தார். மணம் செய்துகொள்ளவில்லை. பெண்ணொருத்திக்கு ஆசிரியத் தொழிலைத் தவிர வேறு வாசல் அதிகம் திறந்திராத காலம் அது. வகுப்பறைக்கு வெளியே அவர் ஆராய்ச்சியாளராகவே வாழ்ந்தார். நன்னீர்ப் பாசிகளைச் சேகரித்தார், பாசி தேடி ஜமேக்காத் தீவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போய்வந்தார். ஆயினும் பல்கலைக்கழகப் பதவி எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

அவர் பிறந்த அதே 1851ஆம் ஆண்டிலே இன்னொன்றும் நடந்தது. தென் மினசோட்டா முழுவதிலும் வாழ்ந்த டக்கோட்டா மக்கள், தங்கள் நிலத்தை இரண்டு உடன்படிக்கைகளின் மூலம் அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்கும்படி ஆயிற்று. வாக்களித்த பணமும் உணவும் ஒழுங்காய்ப் போய்ச்சேராமல், 1862இல் போர் மூண்டது. அவ்வாண்டு டிசெம்பர் 26ஆம் திகதி மேன்காட்டோ என்னும் ஊரில் 38 டக்கோட்டா ஆடவர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு எஞ்சியோர் மாநிலத்தைவிட்டே துரத்தப்பட்டனர். பட்லர் வந்து சேர்ந்தது அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின்னர். நிலத்தைப் பறித்தவர்கள் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். மினசோட்டா என்பது டக்கோட்டாச் சொல். மினியாபொலிஸ் என்பதிலே முற்பாதி தண்ணீரைக் குறிக்கும் டக்கோட்டாச் சொல், பிற்பாதி நகரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். காட்டுமலர்களைப் பற்றிய பேச்சிலே இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அந்தப் பூக்களுக்கும் முதலிலே வேறு பெயர்கள் இருந்தன என்பதனாலேயே சொல்கிறேன்.

பட்லர் கற்பித்த காலத்தில் அந்த நகரம் உலகத்துக்கே மா அரைத்தது. மிசிசிப்பி ஆற்றின் அருவியிலே ஆலைகள் சுழன்றன. 1880 தொடக்கம் ஐம்பது ஆண்டுகள் மினியாபொலிசே உலகின் மா அரைக்கும் தலைநகர். நகரம் வீங்க வீங்கச் சதுப்புகள் வடிக்கப்பட்டன, காடுகள் வெட்டப்பட்டன. ஏரிக்கரையில் காணி வாங்கியவர்கள் முதல் வேலையாகப் புதர்களை வெட்டி எரித்துப் புற்றரை போட்டார்கள். ஒரு பூவைக் காட்டிப் பாடம் நடத்த வேண்டுமானால் மாணவரை ஆண்டுக்காண்டு இன்னும் தூரத்துக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. போன வருடம் பூத்த இடத்தில் இந்த வருடம் வீடு நிற்கும்.

பூவே இல்லாமல் பூவைக் கற்பித்தவன் நான். பட்லர் அதற்கு உடன்படவில்லை. 1907இல் சக ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு நகரப் பூங்காச் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். நகரப் பூங்காவுக்குள் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு துண்டு நிலத்தை, சேற்றுநிலம், புல்வெளி, மேட்டுக்காடு மூன்றும் அருகருகே அமைந்த அந்த இடத்தை, மினசோட்டாவின் செடிகளுக்காக ஒதுக்கித் தாருங்கள் என்பதே கோரிக்கை. சபை 3 ஏக்கர் கொடுத்தது. அவருக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. நம்மூரிலே ஓய்வூதியப் பத்திரம் நிரப்பத் தொடங்கும் வயது.

அதன்பின் அவர் செய்த வேலையே எனக்குப் பெருவியப்பு. நகரத்தைச் சூழ எங்கெங்கே சதுப்பு வடிக்கப்படுகிறது, எங்கே காடு விழப்போகிறது என்று அறிந்து, அங்கே போய்ச் செடிகளை வேரோடும் மண்ணோடும் பெயர்த்துக் கொண்டுவந்து இந்த 3 ஏக்கரிலே நட்டார். மஹ்டோமெடி, மினஹாஹா என்று அவர் குறிப்பேட்டிலே ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். எந்த நாள், என்ன செடி, எத்தனை, எங்கிருந்து வந்தது, எவ்விடத்தில் நட்டது என்று 1907 முதல் எழுதி வைத்தார். பட்டுப்போனவையும் உண்டு. மாநிலத்துக்கு வெளியேயிருந்து தருவித்து நட்டவையும் உண்டு. இன்றைய தாவரவியலார் சிலவற்றுக்கு முகஞ்சுளிக்கக்கூடும்.

ஆக, நான் இயற்கைக் காடு என்று கண்டு மயங்கிய இடம் ஒரு பெண் கையால் நட்டு உண்டாக்கியது. அதை அறிந்தபோது முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கள்ளக் காடு என்று மகளிடம் சொன்னேன். பிறகு இரவிலே படுத்திருந்து யோசித்தபோது உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, குறிஞ்சிப்பாட்டிலே பூப்பெயர்கள் வருகின்ற அடிகளிற் சில அவர் கையிலிருந்த பிரதிகளில் இல்லை. தருமபுர ஆதீனத்துச் சுவடிக்கட்டுக்குள் தேடி அவற்றைக் கண்டெடுத்தார். 1889இல் நூல் வெளிவந்தது. நான் மூச்சுவிடாமல் ஒப்புவித்த 99 பெயரும் அப்படி ஒருவர் அலைந்து பொறுக்கிச் சேர்த்தவைதானே! அதை ஒருவரும் கள்ளப் பாட்டு என்று சொல்வதில்லை. ஏடு செல்லரிக்கும் முன்னே எடுத்தவர் அவர், சதுப்பு வற்றும் முன்னே எடுத்தவர் இவர்.

1911இல் பட்லர் பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்றார். தோட்டத்தைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கப் பூங்காச் சபைக்கு மனமில்லை. நகரத்துப் பெண்கள் கழகத்தினர் முன்னின்று குரல் கொடுத்ததன் பேரிலே அவரையே பொறுப்பாளராக நியமித்தார்கள். ஐந்தடிக்கும் சற்றே உயர்ந்த அந்த அம்மாள் முழங்காலுயரச் சப்பாத்தும் தடித்த உடையும் அணிந்து சேற்றிலே இறங்கி நிற்கும் படங்கள் இருக்கின்றன. பூத் திருடுவோர் தொல்லை அதிகம். வேலி கேட்டார், கிடைக்கவில்லை. 1924இல் தன் சொந்தப் பணத்திலே வேலி போட்டார். ஓய்வூதியம் வாங்கும் வாத்தியாரம்மா அரசாங்கக் காணிக்கு வேலி அடைத்த கதை வேறெங்கும் உண்டோ தெரியவில்லை. 1929இல் தோட்டத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

பூத்திருட்டு ஏன் அவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லவேண்டும். ட்ரில்லியம் என்று மூன்று இலை, மூன்று இதழ் கொண்ட ஒரு பூ. விதை விழுந்து முதற் பூ மலர ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். விதையைப் பரப்புவது எறும்பு. விதையிலே ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்பு அதைப் புற்றுக்கு இழுத்துப்போய், துணுக்கைத் தின்றுவிட்டு விதையை எறிந்துவிடும். எறும்பு நடக்கின்ற தூரந்தான் அந்தப் பூவின் பயணம். இனி, மினசோட்டாவின் மாநில மலர் இருக்கிறதே, இளஞ்சிவப்பும் வெள்ளையுமான சீமாட்டிச் சப்பாத்து என்னும் ஓர்க்கிட், அது பூக்கப் பதினாறு ஆண்டுகள்கூடச் செல்லலாம். 1902இல் மாநில மலரானது. அதைப் பறிப்பதைத் தடுத்துச் சட்டம் வந்தது 1925இல்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனை சாடிகளுக்குள் போயிற்றோ! அப்படி ஒரு பூவை வேரோடு கிண்டிப்போகின்றவன் ஒரு பிள்ளை பிறந்து வளர்ந்து சாதாரண தரப் பரீட்சை எழுதும் காலத்தைக் கிண்டிப்போகிறான்.

அங்கே நான் நெடுநேரம் குந்தியிருந்து பார்த்தது அவற்றையல்ல. ட்ரவுட் லில்லி என்று ஒரு பூ. மீனின் முதுகுபோலப் புள்ளி விழுந்த இலை. அதிலே ஒரு குள்ள இனம் உண்டு. பூ என் சின்னவிரல் நகமளவு. 1870இல் ஃபாரிபோ என்ற ஊரிலே, பெண்கள் பாடசாலை ஒன்றின் தாவரவியல் ஆசிரியையான மேரி ஹெட்ஜஸ் என்பவர் அதைக் கண்டு, இது வேறு என்று சந்தேகப்பட்டு, ஹாவார்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஏசா கிறேக்கு அனுப்பிவைத்தார். 1871இல் புதிய இனமென்று அவர் பெயரிட்டு எழுதினார். கண்டது ஆசிரியை, பெயர் வைத்தது பேராசிரியர். தென்கிழக்கு மினசோட்டாவில் ஒன்றையொன்று அடுத்துள்ள மூன்று மாவட்டங்களைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இயல்பாக வளர்வதில்லை. விதையும் பெரும்பாலும் பிடிப்பதில்லை. மண்ணுக்குக் கீழே ஒரு தண்டை நீட்டி, அதன் நுனியிலே இன்னொரு கிழங்கை வைத்து, அப்படியே அரையடி ஓரடியாக நகரும். இந்தத் தோட்டத்தில் அதைக் கொண்டுவந்து நட்டவர் பட்லர். 1986இல் அது அழியும் ஆபத்திலுள்ள இனமெனக் கூட்டாட்சி அரசினால் பிரகடனப்படுத்தப்பட்டது. அவர் நட்டபோது அப்படியொரு சட்டமே இருக்கவில்லை.

1933ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி. பனி உருகும் பருவம். மழை பெய்துகொண்டிருந்தது. எண்பத்தொரு வயதான பட்லர் வழக்கம்போலத் தோட்டத்துக்குப் புறப்பட்டார். வழியிலே நெஞ்சு நோவு கண்டது. தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பியவர் அன்றே காலமானார். அந்த வசந்தத்திலேயே அவர் சாம்பலை அந்தக் காட்டிலே தூவினார்கள்.

அதன் பின்னர் மார்த்தா குரோன் என்பவர் கால் நூற்றாண்டு அதைக் காத்தார். இன்னொருவரையும் சொல்லாமல் விடமுடியாது. கிளின்டன் ஓடெல் என்னும் வணிகர். பர்மா ஷேவ் என்ற சவரக் களிம்பு அவருடைய கம்பனியினுடையது. களிம்பிலே என்ன விசேடம் என்று எனக்குத் தெரியாது. தெருவோரங்களிலே சிறு சிறு பலகைகளை வரிசையாக நட்டு, பலகைக்கு ஓர் அடியாக எதுகை மோனையோடு விளம்பரம் எழுதிய கம்பனி அது. 1925 முதல் 1963 வரை அமெரிக்கத் தெருக்களிலே மோட்டார் வண்டியில் போனவர்களெல்லாம் அந்தக் கவிதைகளைப் படித்துச் சிரித்தார்களாம். இந்த ஓடெல் சிறுவயதிலே பட்லரிடம் தாவரவியல் படித்தவர். 1944இல் தோட்டத்தோடு மேட்டுநிலப் புல்வெளியொன்று சேர்ந்தது அவர் உதவியினாலே. 1952இல் தோட்ட நண்பர் சங்கத்தையும் தொடக்கினார். ஆசிரியை வகுப்பிலே நட்டது நாற்பது ஐம்பது ஆண்டு கழித்துப் பூத்தது. அதுவும் ஒரு ட்ரில்லியந்தான்.

இப்போது அங்கே உள்ள தொல்லைகள் வேறு. அவற்றுள் ஒன்றை நம்மவர் நம்பமாட்டார்கள். மண்புழு! உழவனின் நண்பன் என்று சிறுவகுப்பிலேயே எழுதப் படித்தோம். மினசோட்டாவிலே பூர்விகமான மண்புழு கிடையாது, பனியூழியிலே பனிப்பாளங்கள் துடைத்துப்போட்ட பூமி அது. ஐரோப்பியர் வந்தபோது செடிகளின் வேர்மண்ணோடு புழுவும் வந்தது, மீன்பிடிப்போர் தூண்டில் இரையின் மிச்சத்தை ஏரிக்கரையிலே கொட்டிப் பரப்பினார்கள். காட்டுமலர்கள் வேர்பிடிப்பது பல ஆண்டுச் சருகு மக்கிய மெத்தையிலே. புழு அந்த மெத்தையைச் சில ஆண்டுகளில் தின்று தீர்த்துவிடும். போதாக்குறைக்கு, குடியேறியவர்கள் கறிக்கும் மருந்துக்குமாகக் கொண்டுவந்த பூண்டுக் கடுகு என்னும் செடி வெளியேறிக் காடு முழுதும் படர்ந்துவிட்டது. நாங்கள் போன அன்றும் வயதான தொண்டர்கள் சிலர் முழங்காலிட்டு அதைப் பிடுங்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடமும் முளைக்கும், அடுத்த வருடமும் பிடுங்குவோம் என்று ஓர் அம்மாள் சொன்னார். அவருக்கு எழுபது வயது இருக்கும்.

குள்ள லில்லிக்குப் பக்கத்திலே நான் குந்தியிருந்தபோது பேரனும் வந்து குந்தினான். ஆறு வயது. சற்றுத் தள்ளிச் சருகுக்குள்ளே நீலமாக ஏதோ தெரிந்தது. "அம்மப்பா, அது என்ன பூ?" என்றான்.

"தெரியாது, ராசா" என்றேன். "வா, கிட்டப் போய்ப் பார்ப்பம்."

பாதையை விட்டு இறங்கக்கூடாது என்று அவன்தான் என் சேட்டைப் பிடித்து இழுத்தான்.